இளஞ்சிவப்புப் புத்தகத்தைத் திறந்து படியுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நான்கு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். தலைப்பிள்ளைக் கர்ப்பம், ஏழு மாதம். போன மாதம் கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில் என் வீட்டு வாசலில் கணவரை மோட்டார் சைக்கிளை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். பிளாஸ்டிக் பையிலிருந்து, கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் அந்த இளஞ்சிவப்புப் பதிவுப் புத்தகத்தை எடுத்து அட்டையின் மூலையைக் காட்டினாள். "போன தடவை பச்சை ஒட்டியிருந்தார்கள், அக்கா. இன்றைக்கு மஞ்சள் ஒட்டிவிட்டார்கள். இது எதற்கு?"

உள்ளே ஒரு பக்கத்தில் ஆயர் கூலா (சர்க்கரைத் தண்ணீர்) சோதனையின் முடிவு பேனாவால் எழுதியிருந்தது: 5.7, 9.1. இரண்டின் கீழும் அழுத்திக் கோடு போட்டிருந்தார்கள். "கூலா திங்கி (சர்க்கரை அதிகம்), சோற்றைக் குறை" என்று மிஸ்ஸி, அதாவது தாதி, சொன்னாராம். இவள் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். வரிசையில் இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள், எப்படிக் கேட்பது என்றாள்.

அன்று மாலை முழுவதும் அந்தப் புத்தகத்தை இருவரும் பக்கம் பக்கமாகப் படித்தோம். நம் பெண்கள் மாதம் தவறாமல் கிளினிக்குக்குப் போகிறார்கள். புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துகிறார்கள். அதில் இருப்பதை மட்டும் யாரும் அவர்களுக்குப் படித்துக் காட்டுவதில்லை. கர்ப்பம், பிரசவம், பச்சைக் குழந்தை பற்றிய முடிவுகளில் பாதியை டாக்டரும் மிஸ்ஸியும் எடுக்கிறார்கள், மீதிப் பாதியை அம்மாவும் மாமியாரும் எடுக்கிறார்கள். பெற்றெடுக்கிறவள் நடுவில் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள்.

இது இன்று வந்த பழக்கம் இல்லை. என் பாட்டி ரப்பர் தோட்டத்து லயத்தில் பிள்ளை பெற்றவர். மருத்துவச்சி பிள்ளையைப் பிடிப்பார், காய்ச்சல் வந்தால் தோட்டத்து மருந்தக உதவியாளரான டிரெஸ்ஸர் மருந்து கொடுப்பார், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் நாள் வந்ததும் குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போய்விடும். டிரெஸ்ஸரிடம் ஏன் என்று கேட்டவரை நான் கண்டதில்லை. அந்தக் கீழ்ப்படிதல் அப்படியே அரசாங்கக் கிளினிக்குக்கும் வந்துவிட்டது. அதனால் நன்மையும் நடந்தது என்பதை மறைக்க மாட்டேன். சுதந்திரம் கிடைத்த காலத்தில் இந்த நாட்டில் 1 லட்சம் பிரசவத்துக்கு 200க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2000க்குப் பிறகு, கோவிட் உச்சத்தில் இருந்த 2021ஐத் தவிர்த்தால், அந்த எண்ணிக்கை பெரும்பாலும் 20க்கும் 30க்கும் இடையில் நிற்கிறது. 1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும், பெயர் வெளியிடாமல், எங்கே தவறியது என்று தனிக்குழு ஆராய்கிறது. கம்பத்துக்கும் (மலாய்க் கிராமத்துக்கும்) தோட்டத்துக்கும் வீடு தேடி வந்த சமூக மிஸ்ஸிகள் கட்டிக் காத்த சாதனை இது. ஆனால் கேட்டு நடந்ததால் உயிர் பிழைத்த நமக்கு, கேள்வி கேட்க யாரும் கற்றுத் தரவில்லை.

முதலில் அந்த நிற ஒட்டி. வெள்ளை என்றால் மிஸ்ஸியே பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்கு. ரத்தப்போக்கு, வலிப்பு, மிக அதிகமான ரத்த அழுத்தம் போன்றவை சிவப்பு. ஒவ்வொரு முறை போகும்போதும் உங்கள் நிலையைப் பார்த்து நிறத்தை மாற்றுவார்கள். ஆகவே நிறம் மாறிய அன்றே, "ஏன் மாறியது, இனி யார் என்னைப் பார்ப்பார்கள், பிரசவம் எங்கே?" என்ற மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழ வேண்டும். வரிசையில் இருபது பேர் இருந்தாலும் சரி.

அந்த 5.7, 9.1க்கு வருவோம். லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் சர்க்கரை என்ற கணக்கு அது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன், வெறும் வயிற்றில் 5.1 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, இரண்டு மணி நேரம் கழித்து 7.8 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மலேசிய வழிகாட்டி நெறிப்படி அது கர்ப்பகால நீரிழிவு. இவளுக்கு இரண்டுமே தாண்டியிருந்தன. இந்தியப் பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தாலும், உடல் எடை கூடுதலாக இருந்தாலும், முந்தின பிள்ளை 4 கிலோவுக்கு மேல் பிறந்திருந்தாலும் முதல் தடவை கிளினிக்குக்குப் போகும்போதே சோதனை செய்வார்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 24 முதல் 28 வாரத்துக்குள் செய்வார்கள்.

"சோற்றைக் குறை" என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் இருப்பது என்னவென்றால், தாயின் ரத்தத்தில் உள்ள கூடுதல் சர்க்கரை குழந்தைக்கும் போகிறது. குழந்தை பெருத்துப் போகும், பிறக்கும்போது தோள் சிக்கிக்கொள்ளலாம். பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை சட்டென்று விழலாம். தாய்க்கு ரத்த அழுத்தமும் ஏறலாம். இதைச் சொன்னதும் அவள் தானாகவே கேட்டாள்: "அப்படியானால் டின் பால் போட்ட தேத்தண்ணியையும் நிறுத்த வேண்டுமா?" நிறுத்தத்தான் வேண்டும். காரணம் புரிந்தவளுக்குக் கட்டளை தேவைப்படவில்லை. பிள்ளைத்தாய்ச்சி இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும் என்று வீட்டில் பாசத்தோடு தட்டில் கொட்டும் சோற்றுக்கும் அவளே பதில் சொல்லிக்கொண்டாள். இன்னொன்றும் உண்டு: பிள்ளை பிறந்ததும் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும், ஆனால் ஆறு வாரம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். அந்த ஆறாவது வாரச் சோதனைக்குப் போகாமல் விட்டவர்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

தேத்தண்ணிக்கு இன்னொரு குற்றமும் உண்டு. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள். அதை விழுங்கிய கையோடு தேநீர் குடித்தால், தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. மாத்திரையைக் கொய்யாப் பழத்தோடோ எலுமிச்சைச் சாற்றோடோ சாப்பிட்டு, தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தால் அதே மாத்திரை வேலை செய்யும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும்.

புத்தகத்தின் பின்பகுதியில் கட்டம் கட்டமாக ஒரு தாள் இருக்கும். குழந்தையின் அசைவைக் குறிக்கும் அட்டவணை. 28 வாரம் முதல், காலை 9 மணிக்கு எண்ணத் தொடங்கி, பத்தாவது அசைவு எத்தனை மணிக்கு வந்தது என்று குறிக்க வேண்டும். இரவு 9 மணிக்குள் பத்து வரவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வழக்கமாகக் காலை பதினோரு மணிக்குள் பத்து எட்டிவிடும் குழந்தை ஒருநாள் மாலை வரை மந்தமாக இருந்தால், ஒன்பது மணிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தன் குழந்தையின் போக்கு தாய்க்குத்தான் தெரியும். பல பெண்களின் புத்தகத்தில் இந்தத் தாள் வெறுமையாக இருக்கிறது, அல்லது கிளினிக்குக்குப் போகும் காலையில் ஒரே பேனாவால் ஒரு மாதத்துக்கும் சேர்த்து நிரப்பப்பட்டிருக்கிறது. மிஸ்ஸி திட்டுவார் என்று நிரப்புகிறார்கள். அது மிஸ்ஸிக்கான கணக்கு இல்லை. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளை வெளியே பேசுவதற்கு அதைவிட்டால் வேறு வழி கிடையாது.

தோட்டத்தில் இன்னமும் மருந்தடிக்கும் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை. அதற்குப் பதில் வந்தவையும் மருந்துதான், தண்ணீர் இல்லை. நிலைத்தன்மைச் சான்றிதழ் பெற்ற செம்பனைத் தோட்டங்களில் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் பூச்சிமருந்து வேலையில் வைக்கக் கூடாது என்பது, அந்தச் சான்றிதழ் முறையை நடத்தும் பன்னாட்டு அமைப்பான ஆர்எஸ்பிஓவின் விதி. கர்ப்பம் உறுதியான அன்றே சொல்லி வேறு வேலை கேளுங்கள்.

பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் எங்களைப் போன்ற தோட்டத்து ஊர்களில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கோலாலம்பூரில் இருக்கிறவளுக்கு நிபுணர் பத்து நிமிடத்தில் கிடைப்பார். சுங்கை சிப்புட் மருத்துவமனை மாவட்ட மருத்துவமனை. நிபுணர்கள் வேண்டுமென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு, அதாவது ஈப்போவில் உள்ள ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுமார் 30 கிலோமீட்டர். உள்ளே தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் செம்மண் பாதை வேறு. ஆகவே இங்கே இருப்பவள் வலி வருவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். முப்பத்தாறாவது வாரத்துக்குள் எந்த மருத்துவமனை, யார் வண்டி, இரவு என்றால் யார், வீட்டில் இருக்கும் மூத்த பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று பேசி வைத்தாக வேண்டும். ரத்தம் கொட்டினாலோ வலிப்பு வந்தாலோ வண்டிக்கு அலையாமல் ஆம்புலன்ஸுக்கு 999ஐ அழைக்க வேண்டும்.

முந்தின பிரசவம் அறுவைச் சிகிச்சை என்றால் இந்தத் தூரம் இன்னும் கனக்கிறது. அடுத்தது சுகப்பிரசவமாக முடியுமா என்று கேட்டால், பொருத்தமானவர்களில் நான்கு பேர் முயன்றால் ஏறக்குறைய மூன்று பேருக்கு முடிகிறது. அதே சமயம் 200 பேரில் ஒருவருக்குப் பழைய தையல் தழும்பு வலியின்போது கிழிகிறது. அப்போது நிமிடக் கணக்கில் அறுவை நடந்தாக வேண்டும். மறுபடியும் அறுவையே போதும் என்று முடிவெடுத்தால், அந்தக் கிழிசலுக்கான பயம் குறைகிறது. ஆனால் ஒவ்வொரு அறுவைக்கும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறுகிறது. இன்னும் இரண்டு பிள்ளை வேண்டும் என்பவளின் கணக்கும், இதோடு போதும் என்பவளின் கணக்கும் ஒன்றாக இருக்க முடியாது. டாக்டருக்குத் தழும்பு தெரியும். எத்தனை பிள்ளை வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டும் ஒரே மேசையில் வந்தால்தான் முடிவு சரியாக வரும்.

டாக்டர் எதைப் பரிந்துரைத்தாலும், அது வலி வர ஊசி போடுவதாக இருக்கட்டும், அறுவையாக இருக்கட்டும், நான்கு கேள்விகள் போதும். இதனால் எனக்கும் பிள்ளைக்கும் என்ன நன்மை? என்ன ஆபத்து? வேறு வழி இருக்கிறதா? இப்போது செய்யாமல் சற்றுக் காத்திருந்தால் என்ன ஆகும்? மலாயில் கேட்க வராவிட்டால் கணவரோ அக்காளோ கூட வந்து கேட்கலாம். புரியாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. பிரசவ அறையில் விரும்பிய ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும் என்றும், பிறப்புவழியை அகலமாக்கக் கீழே வெட்டுவதை வழக்கமாக எல்லோருக்கும் செய்யக் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரையில் இருக்கிறது. துணைக்கு அனுமதிப்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் முதல் பிரசவத்தில் எனக்கு ஒன்றும் சொல்லாமல் வெட்டித் தைத்தார்கள். கத்தியதற்கு ஒருவர் அதட்டினார். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். அந்த அதட்டல் இருபது வருடம் கழித்தும் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியே வேண்டாம், வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறோம் என்று சில பெண்கள் பேசுவதைக் கேட்கும்போது, அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காமல் போனால் ரத்தம் குழாய் திறந்தாற்போல் கொட்டும். பிறந்த உடனே போடும் ஆக்ஸிடோசின் ஊசி அதைப் பெருமளவு தடுக்கிறது. அது இல்லாத வீட்டில், 30 கிலோமீட்டர் தள்ளி ரத்தம் இருக்கும்போது, இரண்டு மணி நேரத்தில் ஒரு தாய் போய்விடலாம். மரியாதையும் வேண்டும், ஊசியும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்கும்படி பெண்ணை வைக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்தபின் அம்மாக்களின் ஆட்சி. பத்தியத்தைப் பழித்துப் பேச எனக்கு மனம் வராது. பூண்டும் மிளகும் நல்லெண்ணெயும், பால் சுறாப் புட்டும், முருங்கைக்கீரையும், சுடுநீர்க் குளியலும், "எழுந்திருக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு மாதம் வேலையைத் தாங்கும் ஒரு தாயும் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத வைத்தியம். புரதம், இரும்பு, ஓய்வு எல்லாம் அதில் இருக்கின்றன. பயம் இரண்டு இடத்தில்தான். ஒன்று, தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று அரை டம்ளராக அளந்து கொடுப்பது. மற்றொன்று, கட்டிலை விட்டு இறங்க விடாமல் நாள் முழுக்கப் படுக்க வைப்பது. பிரசவத்துக்குப் பின் ரத்தம் எளிதில் உறையும் தன்மையோடு இருக்கிறது. தண்ணீரும் இல்லை, நடையும் இல்லை என்றால் காலில் ரத்தக்கட்டி உண்டாகலாம். அது நுரையீரலில் போய் அடைக்கலாம். இந்நாட்டில் தாய்மார் இறப்பதற்கான முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. உடல் பருத்தவர்களுக்கும் அறுவை நடந்தவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். வெதுவெதுப்பான தண்ணீராகவே இருக்கட்டும், நிறையக் குடிக்கட்டும். வீட்டுக்குள்ளேயே ஒரு நாளைக்குப் பலமுறை நடக்கட்டும். ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ "குளிர் ஏறிவிட்டது" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அதுபோல் கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி. ரத்த அழுத்தம் 140/90ஐத் தாண்டும் நோய் பிள்ளை பிறந்த பிறகும் வரும். சில வீடுகளில் உடம்பு சூடாக இருக்கட்டும் என்று கொடுக்கும் பிராந்தி பாலில் கலந்து பிள்ளைக்குப் போகும், அதை விட்டுவிடுங்கள்.

குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது இப்போது குறைந்துவிட்டது, நல்லது. தேனை நாக்கில் தடவுவது இன்னும் போகவில்லை. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமியின் நஞ்சு குழந்தையின் தசைகளை முடக்கலாம். பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசி மூளையில் ரத்தம் கசிவதைத் தடுக்கிறது. பிசிஜியும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியும் பிறப்பிலேயே. இவற்றில் தயங்க ஒன்றும் இல்லை.

தொப்புள்கொடி ரத்தத்தில் தைராய்டையும் ஜி6பிடி குறைபாட்டையும் பார்ப்பார்கள். இந்தக் கடைசிச் சொல்லைப் புத்தகத்தில் கண்டால் கவனம். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும் இந்தக் குறைபாட்டில், சில பொருள்கள் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை மளமளவென்று ஏறும். அந்தப் பொருள்களில் ஒன்று நம் அலமாரியிலேயே இருக்கிறது: பாச்சை உருண்டை. மூத்த பிள்ளையின் சட்டைகளையும், தூளி கட்ட வைத்திருக்கும் பழைய பருத்திப் புடவையையும் பாச்சை உருண்டை போட்டு எடுத்து வைப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். என் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தால் இன்றும் அந்த வாசனை முகத்தில் அடிக்கும். அந்தப் புடவையில் தூளி கட்டினால் குழந்தை இரவு முழுக்க அதைத்தான் மூச்சில் இழுக்கும். ஜி6பிடி குறைபாடு இருக்கிறதோ இல்லையோ, கைக்குழந்தை உள்ள வீட்டில் பாச்சை உருண்டையே வேண்டாம்.

மஞ்சள் காமாலை பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாளில் வந்து தானாகப் போகும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தால் அது சாதாரணமில்லை. நம் குழந்தைகளின் நிறத்தில் தோலைப் பார்த்துச் சொல்வது கடினம், ஈறையும் கண்ணின் வெள்ளையையும் பாருங்கள். காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று ஆஸ்பத்திரியைத் தள்ளிப் போடக் கூடாது. வெயில் நீல விளக்குச் சிகிச்சைக்கு ஈடாகாது, குழந்தையின் உடம்பில் நீரும் வற்றிப் போகும். அளவு மீறிய காமாலை மூளையில் ஏறினால் காது கேளாமல் போகும், கைகால் வசப்படாமல் போகும். அதற்குப் பிறகு எந்த உரை மருந்தும் திருப்பித் தராது. பதினான்கு நாள் கடந்தும் மஞ்சள் போகவில்லை, மலம் வெளிறிச் சுண்ணாம்பு போல் இருக்கிறது என்றால் ஈரலில் பித்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவையை எவ்வளவு சீக்கிரம் செய்கிறார்களோ அவ்வளவு பலன். பிரசவத்துக்குப் பின் மிஸ்ஸி வீட்டுக்கு வரும்போது குழந்தையின் அணையாடையையே எடுத்துக் காட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பிரசவ விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 98 நாள். அப்பாவுக்கு 7 நாள். அந்த 7 நாளுக்கு அப்பா முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு தாள். குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது திருமணப் பதிவு. கோயிலில் தாலி கட்டியது ஊருக்குத் திருமணம். 1982 மார்ச் 1 முதல் சட்டத்துக்குப் பதிவு இருந்தால்தான் திருமணம். பதியாத தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை தாயை வைத்தே பார்க்கப்படும். தாயிடம் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இல்லை என்றால், அப்பா மலேசியராக இருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடலாம். பள்ளிக்கூட வாசலிலும் மருத்துவமனை வாசலிலும் அந்தப் பிள்ளை நிற்பதை எங்கள் வட்டாரத்தில் பலமுறை பார்த்துவிட்டேன். பிறந்தபின் அலைவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே பதிவிலாகாவுக்குப் போவது எவ்வளவோ மேல். பதிவுக்கு விண்ணப்பித்தால் 21 நாள் அறிவிப்புக் காலம் வேறு இருக்கிறது.

நேற்று அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். அசைவுத் தாளில் ஒன்பது நாள் குறித்திருக்கிறாள், எல்லாமே பதினொன்றரைக்குள். தட்டில் சோறு பாதி, கீரை மீதி என்று மாமியாரே பரிமாறத் தொடங்கிவிட்டாராம். தாலி கட்டி இரண்டு வருடமாகியும் அவர்கள் பதியவில்லை. அவளுடைய அம்மா இந்தோனேசியாவிலிருந்து வந்தவர், இவளிடம் இருப்பது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை. பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரம். திங்கட்கிழமை கணவர் விடுப்பு எடுத்திருக்கிறார், இருவரும் பதிவிலாகாவுக்குப் போகிறார்கள்.